பாயிண்டில் வந்த மாப்பிள்ளை

தவளக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்துப் புதுச்சேரி டவுனுக்கு வேலைக்குப் போகிற பெண்களில் ஹேமலதாவும் ஒருத்தி. நேரு வீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நிற்கிறாள். பத்தாவதோடு படிப்பு நின்றுபோனது. நின்றதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. அந்த வருஷம் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், வீட்டைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. அம்மா எழுந்து நடமாடுவதற்குள் பள்ளிக்கூடத்தில் பாதி வருஷம் ஓடிவிட்டது. அதற்கப்புறம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

அவளுக்குப் பேச்சு குறைவு. கடைக்காரர் முதலில் அதைப் பற்றிக் குறைப்பட்டார். பிறகு வியாபாரம் நடப்பதைப் பார்த்து விட்டுவிட்டார். கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறவர்களுக்குப் பேசுகிற ஆள் தேவையில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. புது ஃப்ரேமைப் போட்டுக்கொண்டு தன் முகத்தையே பார்க்கிறவன் பக்கத்தில் நிற்பவளை மறந்துவிடுவான். நல்லா இருக்கா என்று மனைவியைக் கேட்டுவிட்டு, அவள் வாயைத் திறப்பதற்குள் தலையைத் திருப்பிக்கொள்கிற புருஷன்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இருப்பதிலேயே மலிவான ஃப்ரேமை எடுத்துக்கொண்டு, கடை முழுக்கக் கேட்கும்படி விலையுயர்ந்த ஃப்ரேமை மட்டம் தட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறாள். பார்த்தாளே தவிர யாரிடமும் சொன்னதில்லை.

அவளுடைய அப்பா தெய்வசிகாமணி நிலத்தை மனை போட்டு விற்றவர். இருந்த நெல் வயலில் இப்போது அடுத்தவர்கள் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். மீதிக் காலத்தை அவர் கடலூர் ரோட்டில் ஒரு மனை விற்பனைக் கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கழிக்கிறார். அவருக்கு ஒரே ஒரு ஆசை. மகளைப் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரனுக்குக் கொடுக்க வேண்டும். கூடப் படித்த ஒருவரின் மகள் அப்படிக் கல்யாணமாகிப் போய், பனியில் நின்றுகொண்டு போட்டோ அனுப்பியிருந்தாள். அந்தப் போட்டோவை அவர் பார்த்த நாளிலிருந்து உள்ளூர்ப் பையன் ஒருவனும் அவர் கண்ணுக்கு ஆளாகத் தெரியவில்லை. மின்துறையில் வேலை பார்க்கிற ஒரு பையன் நல்ல மரியாதையாகப் பெண் கேட்டு வந்தான். பாகூரில் ஒரு வாத்தியார் வீட்டில் கேட்டார்கள். தெய்வசிகாமணி இரண்டு பேரையும் வாசலோடு அனுப்பிவிட்டார். எந்த வரன் வந்தாலும் அவர் தரகரிடம் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

"பாஸ்போர்ட்டு என்னா கலரு?"

தரகர் ராமலிங்கம் ஒருநாள் வாயெல்லாம் பல்லாக வந்தார். பாரிசுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. நம்ம ஆளுங்கதான், பூர்வீகம் அரியாங்குப்பம். அப்பா சுப்ராயன், அங்கே தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே பிள்ளை, பேர் செத்ரிக். பெண் பார்க்க வீட்டுக்கு வரமாட்டார்கள், நாம்தான் போக வேண்டும். வைத்திக்குப்பம் தாண்டிக் கடலோரமாகப் புதிதாக வந்திருக்கிற பெரிய ஓட்டலில் தங்கியிருக்கிறார்கள்.

"பொண்ணு பாக்க நாம போறதா?" என்றாள் அம்மா சின்னப்பொண்ணு. "அது எந்த ஊரு வழக்கம்?"

"ஏம்மா, அந்த ஓட்டல்ல ஒரு ராத்திரி தங்கற காசுல நீ மூணு மாசம் குடும்பம் நடத்தலாம். அப்பேர்ப்பட்ட எடம். அவங்க நம்ம வூட்டுக்கு வந்து இந்தப் பிளாஸ்டிக் சேர்ல குந்தணுமா?" என்றார் ராமலிங்கம்.

தெய்வசிகாமணி அன்றைக்கே புதுச் சட்டை வாங்கினார்.

அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், பேச்சு முடிகிற வரைக்கும் கை நனைக்கமாட்டார்கள். ஒரு வாய் சாப்பிட்டாலும் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். ஹேமலதாவின் பெரியப்பா மகளுக்கு இப்படித்தான் ஆனது. பிள்ளை வீட்டில் கேசரி சாப்பிட்டுவிட்டு வந்தபிறகு பையன் குடிகாரன் என்று தெரிந்தது. கை நனைத்தாகிவிட்டதே என்று கல்யாணத்தை நடத்தினார்கள். ஒரு தட்டுக் கேசரிக்கு அவள் இன்றைக்கும் அடி வாங்கிக்கொண்டிருக்கிறாள். புறப்படும்போது தெய்வசிகாமணியே மனைவியையும் மகளையும் நிறுத்திச் சொன்னார்.

"அங்க தண்ணி கூடக் குடிக்கக் கூடாது. நான் கண்ணு காட்டன பொறவுதான் கை நனைக்கணும். பெரிய எடம்னு பல்ல இளிச்சிக்கினு நிக்கக் கூடாது."

ஹேமலதாவுக்கு அந்த வழக்கம் அன்று பெரிய ஆறுதலாக இருந்தது. தன்னை யாரும் கேட்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். அப்பா பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்துவிட்டார். பிள்ளை வீட்டுச் சோற்றுக்கும் அவள் வாழ்க்கைக்கும் நடுவில் நிற்பது ஈரமாகாத கை ஒன்றுதான். அது ஈரமாவதற்குள் அந்தப் பையன் எப்படிப்பட்டவன் என்று பார்த்துவிட வேண்டும். பார்ப்பது அவளுக்குத் தெரிந்த வேலை.

ஓட்டலுக்குப் பஸ்ஸில் போய் இறங்கக் கூடாது என்று அப்பா வாடகைக் கார் எடுத்தார். வாசலில் ஓட்டல்காரர்கள் கும்பிட்டு வரவேற்றார்கள். உள்ளே அத்தனை குளிர், அத்தனை வாசனை. தரையில் முகம் தெரிந்தது. தெய்வசிகாமணி செருப்பைக் கழற்றப் போனார், கூட வந்த ராமலிங்கம் பிடித்து இழுத்தார். லிஃப்டுக்கு ஒரு அட்டை வேண்டுமாம். ஓட்டல் பையன் ஒருவன் கூட வந்து, அட்டையைக் காட்டி மேலே கூட்டிப்போனான்.

கதவைத் திறந்தவர் சுப்ராயன். அறுபது வயதைத் தாண்டிய மனிதர், முழங்காலுக்கு மேல் நிற்கிற நிஜார், காலில் ஓட்டல்காரர்கள் கொடுக்கிற வெள்ளைச் செருப்பு. பெண் பார்க்கிற நாளில் பிள்ளையின் தகப்பன் நிஜாரில் நிற்பதைச் சின்னப்பொண்ணு பார்த்தாள், கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"போன்ழூர், போன்ழூர்! வாங்க. பாத்து வாங்க, கார்ப்பெட்டு. எப்பிடி இருக்குது ரூமு?"

வந்தவர்களின் சௌக்கியத்தைக் கேட்கவில்லை. பெண் எது என்று கூடப் பார்க்கவில்லை. அறையைக் காட்டினார். கட்டிலை அமுக்கிக் காட்டினார், தெய்வசிகாமணியையும் அமுக்கச் சொன்னார். திரையை ஒரு பொத்தானில் மூடினார், இன்னொரு பொத்தானில் திறந்தார். காப்பி மிஷினைத் திறந்து மூடினார்.

"இதெல்லாம் எவ்வளவுன்னு நெனைக்கறீங்க?" என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் அவரே சொன்னார். "ஒரு பைசா கெடையாது. எல்லாம் பாயிண்டு."

"பாயிண்டுன்னா?" என்றார் தெய்வசிகாமணி பயபக்தியோடு.

சுப்ராயன் சொல்ல ஆரம்பித்தார். அந்த மனிதரின் வாழ்க்கை முழுக்க அந்த ஒரே பேச்சில் அடங்கியிருந்தது. கடனட்டையில் எது வாங்கினாலும் பாயிண்ட் ஏறும். பாயிண்ட் சேர்ந்தால் ஓட்டல் அறை இலவசம். தன் செலவு போதாது என்று அவர் அடுத்தவர் செலவையெல்லாம் பிடித்தார். ஊர்ச்சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு அரிசி வாங்குவது அவர், காசாக வசூலித்துக்கொள்வதும் அவர். சொந்தக்காரர்களின் விமான டிக்கெட், அடுத்த வீட்டுக்காரனின் சலவை மிஷின், சங்கத்தில் யாராவது செத்தால் சவப்பெட்டி, எல்லாம் அவர் அட்டையில்.

"சவப்பெட்டியுமா?" என்றாள் சின்னப்பொண்ணு.

"அதுலதான்மா நல்லா ஏறும்," என்றார் சுப்ராயன் சந்தோஷமாக.

செத்துப்போன ஒருவரின் பெட்டியில் ஏறிய பாயிண்டில்தான் தாங்கள் உட்கார்ந்திருக்கிறோமோ என்று ஹேமலதா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

பிள்ளை செத்ரிக் ஜன்னலோரம் இருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். பார்க்க மோசமில்லை. ஒருமுறை நிமிர்ந்து சிரித்துவிட்டு, கையிலிருந்த போனால் மேஜைமேலிருந்த பழத்தட்டை மேலிருந்தும் பக்கவாட்டிலும் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"வூட்டம்மா எங்க, காணும்?" என்று சின்னப்பொண்ணு கேட்டாள். அவளுக்கு வந்த காரியம் ஞாபகம் இருந்தது.

"அவ கோயிலுக்குப் போயிருக்கா. வந்துடுவா," என்றார் சுப்ராயன். சொல்லும்போது குளியலறைக் கதவை ஒரு பார்வை பார்த்தார். ஹேமலதா அதைக் கவனித்தாள்.

அதற்குள் வெயிட்டர் வந்தான். தள்ளுவண்டி நிறையச் சின்னச் சின்னக் கத்தோ என்கிற கேக், சாண்ட்விச், முந்திரி, வறுத்த இறால். அந்த ஓட்டலில் சுப்ராயனுக்குத் தங்க உறுப்பினர் என்று ஒரு பதவி இருந்ததாம். அதனால் சாயங்காலப் பலகாரம் இரண்டு பேருக்கு இலவசம். கீழே ஹாலில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். இவர் முழங்கால் வலி என்று சொல்லி மேலே வரவழைத்திருந்தார். இரண்டு பேருக்கு வந்ததைப் பார்த்துவிட்டு, இன்னொரு தட்டு கொண்டா என்று விரட்டினார். வந்ததும், இறால் மட்டும் இன்னும் கொஞ்சம் என்று மறுபடி விரட்டினார். வெயிட்டர் பையன் முகத்தில் ஒன்றையும் காட்டாமல் போய்ப் போய் வந்தான். ஹேமலதாவுக்கு அந்த முகம் தெரியும். கடையில் அவள் வைத்துக்கொண்டு நிற்கிற முகம்தான் அது.

"எடுத்துக்குங்க. சும்மாதான் வருது," என்றார் சுப்ராயன்.

"இல்லீங்க. எங்க பக்கத்துல பேசி முடிக்கற வரைக்கும்..." என்று தெய்வசிகாமணி இழுத்தார். பார்வை கத்தோவில் இருந்தது.

"அதெல்லாம் வூட்டுச் சாப்பாட்டுக்குங்க. இது ஓட்டலு."

தெய்வசிகாமணி மனைவியிடம் குனிந்தார். "அவரு சொல்றதும் ஞாயம்தான. இது இவங்க வூட்டுச் சாப்பாடா? ஓட்டல் சாப்பாடு."

"இவங்க பேருலதான வருது?" என்றாள் சின்னப்பொண்ணு பல்லுக்கு இடையில்.

"காசு குடுத்தாத்தான்டி இவங்க சாப்பாடு. இது பாயிண்டு. யாரு வூட்டு உப்பும் இல்ல இது."

"தண்ணி கூடக் குடிக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

"தண்ணி குடிக்கலியே?" என்று சொல்லிவிட்டு, தெய்வசிகாமணி ஒரு கத்தோவை எடுத்து முழுசாக வாய்க்குள் போட்டார். போட்டவர் கண்ணை மூடினார். மகளுக்காகப் பத்து வருஷம் மாப்பிள்ளை தேடிய மனிதர், அவளை ஒரு விரல் நீளத்துச் சாக்லேட் கேக்குக்கு விட்டுக்கொடுத்ததை ஹேமலதா எதிரில் உட்கார்ந்து பார்த்தாள். அடுத்த கை இறாலுக்குப் போனது.

"கை நனைச்சாச்சி!" என்று கத்தினார் ராமலிங்கம். கமிஷன் வந்துவிட்ட குரல். "சம்மந்தி, பொண்ணு வூட்டுக்காரங்க கை நனைச்சாச்சி. இதுக்கு மேல பேச என்னா இருக்குது?"

"நல்லது, நல்லது," என்றார் சுப்ராயன். சரி என்று அவர் சொல்லவில்லை. முடிந்தது என்றும் சொல்லவில்லை. அதையும் ஹேமலதா கவனித்தாள். ஏன் என்று அப்போது புரியவில்லை.

பெண்ணும் பிள்ளையும் தனியாகப் பேசட்டும் என்று பால்கனிக்கு அனுப்பினார்கள். கீழே நீச்சல் குளம், அதைச் சுற்றி மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் வைத்திக்குப்பத்துப் படகுகள். ஒரு பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டு வியாபாரம் பேசிக்கொண்டிருந்தாள். காற்று நன்றாக வந்தது. செத்ரிக் கடலைப் பார்க்கவில்லை. பால்கனி நாற்காலியின் மெத்தையைத் தூக்கி அடியில் பார்த்தான், படம் எடுத்தான்.

"இந்த மாதிரி ஓட்டல் வர்த்தா இல்லையான்னு நான் எழுதுவேன்," என்றான். தமிழ் அவனுக்கு வந்தது, ஆனால் ரகரம் மட்டும் தொண்டையில் சிக்கிக் கரகரத்தது. "நிறைய பேர் படிக்கிறாங்க. பாயிண்ட்ல வந்து தங்கினா லாபமா, நஷ்டமான்னு. நீங்க என்ன நினைக்கறீங்க?"

ஒரு ஆண்பிள்ளை அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் கொஞ்சம் தயங்கி, "கடல்ல குளிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. நேரமே இல்ல. காலைல சாப்பாடு முடியவே பதினொண்ணு ஆகுது. அப்பறம் ஜிம், ஸ்டீம் பாத், எல்லாம் இதுல சேர்ந்து வருது. விட்டா வீண். மதியம் கொஞ்சம் தூக்கம். அப்பறம் சாயந்தரம் பலகாரம். வெளியவே போகல."

"வெளிய போகவே இல்லியா?"

"வெளிய போனா எல்லாத்துக்கும் காசு," என்றான் செத்ரிக். பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்தான். ஏதோ மனசில் இருப்பதைச் சொல்லப்போகிறான் என்று அவள் நினைத்தாள். "உங்களுக்கு ஏதாவது கார்ட் இருக்கா?"

"எந்தக் கார்டு?"

"கிரெடிட் கார்ட். இல்லையா? ரொம்ப நல்லது. புதுசா எடுக்கறவங்களுக்குத்தான் முதல் போனஸ் நிறைய. கல்யாணம் முடிவானதும் உங்க பேர்ல ஒண்ணு எடுக்கலாம். அப்பறம் உங்க நகை, மண்டபம், சாப்பாடு எல்லாம் அதுலயே போட்டுட்டா, உங்கப்பா எங்களுக்குக் காசா குடுத்தாப் போதும். அந்தப் பாயிண்ட்ல மாலத்தீவு. ரெண்டு பேருக்கு."

அவன் முகம் அப்போதுதான் மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடு அவளை முதல்முறையாக முழுசாகப் பார்த்தான். அவன் பார்த்த பார்வை, வாடிக்கைக்காரன் தள்ளுபடிச் சீட்டு தொங்குகிற ஃப்ரேமைப் பார்க்கிற பார்வையாக இருந்தது. அவள் எழுந்துகொண்டாள். முகத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

உள்ளே சுப்ராயன் இன்னொரு தட்டுக்கு வெயிட்டரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். அப்பா இரண்டாவது தட்டில் இருந்தார். யாரும் இவளைப் பார்க்கவில்லை. ஹேமலதா குளியலறைக் கதவைத் தள்ளினாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. மெல்லத் தட்டினாள்.

கதவு ஒரு சாண் திறந்தது. வளையல் போட்ட ஒரு கை வெளியே வந்து அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தியது.

"போயிட்டானா?" என்று கிசுகிசுத்தாள் உள்ளே இருந்தவள்.

"யாரு?"

"வெயிட்டரு."

அரக்குப் பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை, தலையில் பூ. ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருத்தி அந்தக் குளியலறையில் அலங்காரத்தோடு நின்றுகொண்டிருந்தாள். குளியல் தொட்டியின் விளிம்பில் துண்டை நாலாக மடித்துப் போட்டு உட்கார இடம் செய்திருந்தாள். தொட்டிக்குள் அவளுடைய கைப்பை. பைக்குள் ஓட்டல் சோப்பும் ஷாம்புவும் வாய்வரைக்கும் அடைத்திருந்தன.

"நீதான் பொண்ணா? நான்தான் செத்ரிக்கோட அம்மா. அனைஸ்." கொஞ்சம் நிறுத்தி, "ஊருல அஞ்சலை," என்று சேர்த்துக்கொண்டாள். "அங்க போயி மாத்திக்கினேன். திரும்பு, பாக்கலாம்."

ஹேமலதா திரும்பினாள். என்ன செய்வதென்று தெரியாத நேரத்தில் சொன்னதைச் செய்து பழகியவள்.

"முடி சொந்த முடிதான? நல்லா இருக்கற. கொஞ்சம் நட, பாக்கலாம்." நடக்க இடமில்லை. ஹேமலதா வாஷ்பேசின் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். அவளைப் பெண் பார்த்தாகிவிட்டது.

"ஏம்மா இங்க இருக்கீங்க? கோயிலுக்குப் போயிருக்கறதா சொன்னாங்க."

"ரூமு ரெண்டு பேருக்குத்தான். அவரு, புள்ள. மூணாவது ஆளுன்னா கூடக் காசு கேப்பான். எதுக்கு வீணா?" அனைஸின் குரலில் வெட்கம் துளியும் இல்லை, பெருமைதான் இருந்தது. "காலையிலயே இவனுங்களுக்குச் சந்தேகம். மூணு பேரு தூங்கன மாதிரி இருக்குதேன்னு கேட்டானாம். அவ சொந்தக்காரங்க வூட்டுல தங்கியிருக்கான்னு இவரு சமாளிச்சிட்டாரு. பெல்லு அடிச்சா நான் இங்க வந்துடுவேன். இன்னைக்கிதான் இவன் போவவே மாட்டன்றான். காலு மரத்துப்போச்சி."

"சாப்பிட்டீங்களா?"

"அவரு துண்டுல சுத்திக்கினு வருவாரு. இன்னைக்கி நேத்தா? நீசுன்னு ஒரு ஊருல மூணு நாளு இப்பிடித்தான் இருந்தோம். பார்சலோன்ல பாத்ரூமு கண்ணாடிக் கதவு, உள்ள இருக்கறது தெரியும். அலமாரிக்குள்ள நின்னேன், தெரியுமா?" அனைஸ் சிரித்தாள். அதைச் சொல்ல ஒரு பெண்பிள்ளை கிடைத்ததில் அவளுக்குச் சந்தோஷம். "மொதல்ல ஒரு மாதிரியாத்தான் இருக்கும். பழகிடும்மா." அவளை மேலிருந்து கீழ்வரைக்கும் இன்னொரு முறை பார்த்தாள். "நீ நல்லா ஒல்லியா இருக்கற. உனக்கு அலமாரியே தாராளம்."

ஹேமலதா முகம் கழுவவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

அறையில் பேச்சு தேதிக்கு வந்திருந்தது. ராமலிங்கம் ஆவணியைச் சொன்னார். அப்பா கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, சம்மந்தி சொன்னாச் சரி என்றார். ஹேமலதா நடுவில் வந்து நின்றாள். ஒருமுறை இருமினாள்.

"எனக்கு இந்த எடம் வாணாம்பா."

தெய்வசிகாமணிக்குச் சரியாகக் கேட்கவில்லை போல. சிரித்த முகத்தோடு நிமிர்ந்தார். "என்னாம்மா?"

"வாணாம். வா போலாம்."

"அறிவுகெட்டவளே, கை நனைச்சாச்சிடி."

"நீ நனைச்ச. யாரு வூட்டு உப்பும் இல்லன்னு நீதான சொன்ன? அப்ப யாருக்கு வாக்கு குடுத்த, ஓட்டல்காரனுக்கா?"

அவர் இரண்டாவது தட்டைத் தள்ளி வைத்தார். சின்னப்பொண்ணு எழுந்து மகளின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏம்மா, என்னா கொறை கண்ட?" என்றார் சுப்ராயன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. கையை விரித்து அறையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். "இந்த மாதிரி ஒரு ரூமுல உன் ஜென்மத்துல நின்னுருப்பியா நீ?"

"நிக்கலீங்க. உங்க வூட்டம்மாவும் நிக்கல. அவங்க பாத்ரூமுல இருக்காங்க. வெளிய வரச் சொல்லுங்க, காலு மரத்துப்போச்சாம்."

வெயிட்டர் பையன் கையில் இறால் தட்டோடு நின்றான். தட்டை மெல்ல மேஜைமேல் வைத்தான். குளியலறைக் கதவைப் பார்த்தான், சுப்ராயனைப் பார்த்தான்.

"சார், தேர்ட் பெர்சன் இருந்தா ரிசப்ஷன்ல சொல்லணும் சார்."

"விசிட்டரு! விசிட்டருப்பா! இப்பத்தான் வந்தா," என்று சுப்ராயன் பதறினார்.

"விசிட்டர்னா கீழ வந்து என்ட்ரி போடணும் சார். நேத்தும் இருந்தாங்களான்னு மேனேஜர் கேப்பாரு."

"பப்பா, கோல்ட் ஸ்டேட்டஸ் போயிடும்," என்றான் செத்ரிக். முகம் வெளிறிப்போயிருந்தது. பார்க்க வந்த பெண் தன்னை வேண்டாம் என்று சொன்னபோது அந்த முகம் அப்படி ஆகவில்லை. அப்பனும் பிள்ளையும் பிரெஞ்சில் சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். குளியலறைக் கதவு திறந்து, அனைஸ் கொசுவத்தை உதறிச் சரிசெய்துகொண்டு நொண்டி நொண்டி வந்தாள். நிற்கிறாயா, உட்காருகிறாயா என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. அவள் நேராக ஹேமலதாவைப் பார்த்தாள்.

"காட்டிக்குடுத்துட்டியேடி," என்றாள்.

கீழே போகிற லிஃப்டில் எல்லோரும் சேர்ந்துதான் போனார்கள். வெயிட்டர், ராமலிங்கம், இவர்கள் மூன்று பேர், விசிட்டராகப் பேர் எழுதிக்கொள்ளப் போகிற அனைஸ். தெய்வசிகாமணிக்கு ஒரு ஏப்பம் வந்தது. சின்னப்பொண்ணு அவரைப் பார்த்த பார்வையில் அடுத்த ஏப்பம் உள்ளேயே நின்றுவிட்டது.

லிஃப்ட் திறந்ததும் ராமலிங்கம் முன்னால் ஓடினார். கீழே ஹாலில் வேறொரு குடும்பம் காத்துக்கொண்டிருந்தது. புதுவேட்டி கட்டிய அப்பா, தட்டில் பழமும் பூவும் வைத்துக்கொண்டு ஒரு அம்மா, நடுவில் மல்லிகைப் பூவோடு ஒரு சின்னப் பெண். வில்லியனூர்ப் பக்கத்துக்காரர்கள் போலிருந்தது.

"வாங்க வாங்க, சீக்கிரமே வந்துட்டீங்களா? கொஞ்சம் குந்துங்க," என்றார் ராமலிங்கம் அவர்களிடம்.

"யாருய்யா இவங்க?" என்றார் தெய்வசிகாமணி.

ராமலிங்கம் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு நாளைக்குத்தான் ரூமு. அதுக்குள்ள எல்லாப் பொண்ணையும் பாத்துடணும்னு அவரு சொல்லிட்டாரு. காலையில ஒண்ணு, சாயந்தரம் ரெண்டு. உங்களத்தான் மொதல்ல நெனச்சாங்க, நீங்கதான் கெடுத்துக்கினீங்க."

நல்லது நல்லது என்று சுப்ராயன் சொன்னதன் அர்த்தம் ஹேமலதாவுக்கு இப்போது விளங்கியது. அப்பாவுக்கும் விளங்கியிருக்க வேண்டும். அவர் புதுச் சட்டையில் ஒட்டியிருந்த கத்தோத் துணுக்கை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றார். சுரண்டியது தீர்ந்தபிறகும் சுரண்டினார். "வா, போலாம்" என்றார்.

ரிசப்ஷனில் பேர் எழுதிவிட்டு அனைஸ் ஒரு பெரிய சோபாவில் போய் உட்கார்ந்தாள். மேனேஜர் வருகிற வரைக்கும் இருக்கச் சொல்லியிருந்தார்கள். வந்திருக்கிற குடும்பம் எதற்காக வந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பெண்ணை ஓரக்கண்ணால் பார்த்தாள், தலைமுடியைப் பார்த்தாள், உயரத்தைப் பார்த்தாள். ஆனால் தான் கோயிலுக்குப் போயிருக்கிறவள் ஆயிற்றே. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, யாரோ ஊர்பேர் தெரியாதவள் மாதிரி விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பட்டுப்புடவையோடும் கழுத்து நிறைய நகையோடும், மகனுக்குப் பெண் பார்க்க வந்த தாய்.

அம்மாவும் அப்பாவும் வாசலுக்குப் போய்விட்டார்கள். ஹேமலதாவின் கால் நகரவில்லை. தெரியாதவர்களிடம் தானாகப் போய்ப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. இரண்டு முறை போவோமா வேண்டாமா என்று நின்றாள். ராமலிங்கம் லிஃப்ட் பக்கம் நடந்து, வாங்க என்று அந்தக் குடும்பத்தைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். அவர்கள் எழுந்தார்கள்.

அவள் வேகமாகப் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள்.

"மேலதான போற? மாப்ள வூடு பாக்க?"

அந்தப் பெண் மிரண்டுபோய்த் தலையாட்டினாள். "ஆமாங்க்கா."

"அதோ அந்த சோபாவுல குந்தியிருக்காங்களே, அரக்குப் பொடவ, அவங்கதான் மாப்பிள்ளையோட அம்மா. இங்கியே போயிப் பேசிட்டுப் போ. மேல போனா, கோயிலுக்குப் போயிருக்காங்கன்னு சொல்லிடுவாங்க. ஏன்னு நீயே கேளு."

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அவளுடைய அம்மா பார்த்தாள், அப்பா பார்த்தார். சோபாவில் இருந்த அனைஸ் விளக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வணக்கம் சம்மந்தியம்மா," என்று அந்த அம்மா தட்டை நீட்டிக்கொண்டு சோபாவை நோக்கி நடந்தாள்.